ஆறும் ஆறும்

ஓட்டும் இருக்கைக்கு அடியில் இரண்டு கறுப்புப் பெட்டிகள்.
ஆறு வோல்ட் ஒன்று, ஆறு வோல்ட் இன்னொன்று.
நடுவில் ஓர் ஈயப்பட்டை
இரண்டையும் பன்னிரண்டாக்கி வைத்திருந்தது.
மீட்டர் ஊசியால் தொட்டேன்.
இடது: ஆறு புள்ளி இரண்டு.
வலது: மூன்று புள்ளி எட்டு,
அதுவும் பார்க்கப் பார்க்க இறங்கியது,
கூச்சப்பட்டதுபோல்.

நவம்பர் பாதி.
கர்ட்சாக் சமவெளியில் மூடுபனி
டயர் மட்டத்துக்கு நிற்கிறது.
சோளத்தட்டை உழ இன்னும் பதினோரு ஹெக்டேர்.
என்னைவிட இரண்டு வயது மூத்த பெலாரஸ்
சாவியைத் திருப்பினால் டக் என்கிறது.
ஒரே ஒரு டக்.
பிறகு குத்துக்கல்.

ஆகஸ்டில் ரெஜோ இதை விற்றபோது
"ஒருநாளும் கிளம்ப மறுத்ததில்லை" என்றான்.
பொய் இல்லை.
கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான இந்த மண்ணில்
ஒரே மேடு அவன் நிலத்தில்தான் இருக்கிறது.
எந்தக் காலத்துக் குதிரைக்காரனோ உள்ளே படுத்திருக்கிறான்.
உழக்கூடாது என்று பலகை.
ரெஜோ உழவில்லை.
தினம் சாயங்காலம் உச்சியில் ஏற்றி நிறுத்தினான்.
காலையில் பிரேக்கை விட்டால் வண்டி உருளும்,
கிளட்ச், இருமல், புகை.
பேட்டரி செய்யவேண்டியதை
செத்தவன் முதுகு செய்தது.
நான் விலை பேசிய அன்றும் வண்டி மேலேதான் நின்றது.
நல்ல காற்று வரும் இடம் என்று நினைத்தேன்,
மடச்சி.

பெட்டியின் நீளம், அகலம், உயரம்
வைக்கோல் கட்டும் கயிற்றில் மூன்று முடிச்சு.
கடைக்காரி கிங்கா கயிற்றை வாங்கி
தையற்காரிபோல் ஒவ்வொன்றின் மீதும் போட்டுப் பார்த்தாள்.

"செத்தது ஒன்றுதானே, ஒன்று மட்டும் கொடு."
"கொடுக்கலாம்.
புதுசு பழசை இழுக்கும், பழசு புதுசைக் குடிக்கும்.
மார்ச்சில் வந்து என்னைத் திட்டுவாய்."
ஜோடியாகப் புதுசு இரண்டு?
விலையைச் சொன்னாள்.
ஒரு கன்றுக்குட்டி அவள் வாயிலிருந்து நடந்து வெளியே போயிற்று.

மூலையில் லாரிக்குப் போடும் ஒற்றைப் பன்னிரண்டு.
உயரம் மூன்றாம் முடிச்சுக்கு ஒரு விரல் கீழே.
அகலத்தில் மிஞ்சும் இடத்தில்
ஒரு வாத்து அடைகாக்கலாம்.
குளிரில் எவ்வளவு உதைக்கும் என்று ஒட்டியிருந்த எண்ணை
இரண்டுமுறை படித்தேன்.
பெரிய எண். நம்பினேன், வேறென்ன செய்ய.

"பிளஸ் எந்தப் பக்கம் வரணும்?"
அதற்கு முடிச்சுப் போடவில்லை.
கடைநடுவில் கண்ணை மூடி
மறுபடி வண்டிக்கடியில் போய்ப் படுத்தேன்.
கிரீஸ் ஒட்டியது எந்தக் கன்னம்?
தொட்டுப் பார்த்தேன், இன்னும் இருந்தது.
"இடது" என்றேன்.

"பழசு கொண்டுவந்தாயா? ஈயம் கிலோக் கணக்கு."
தராசில் செத்ததை ஏற்றினாள். முப்பத்தெட்டு.
உயிருள்ளதை ஏற்றினாள். முப்பத்தெட்டு.
"ஒரே விலையா?"
"தராசுக்கு வோல்ட் தெரியாது."
செத்ததை விட்டுவிட்டு
உயிருள்ளதை இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.
"ஆறு வோல்ட்டில் இப்போது என்னதான் ஓடும்?"
கதவைப் பிடித்தபடி கேட்டாள்.
தெரியாது என்றேன். மூச்சு வாங்கியதால்
கோபம்போல் கேட்டிருக்கும்.

அகாசியா மரத்துண்டு ஒன்றை அறுத்து
வாத்தின் இடத்தில் அடித்து இறுக்கினேன்.
இரண்டாம் உதையில் கிளம்பியது.
கத்தவில்லை நான். கோழிகள் கத்தின.

இருட்டும் நேரம் சைக்கிளில் ரெஜோ.
சமதரையில், முற்றத்தில், அணைந்து நிற்கும் வண்டியை
ஏதோ படுத்த பசுவைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
"இங்கேயா நிறுத்துகிறாய்?"
"இங்கேதான்."
ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி யோசித்தான்.
"மேடு சும்மாதான் கிடக்கிறது," என்றான்.
"வாடகை வேண்டாம்."

இரவு மைனஸ் ஆறு.
இரண்டு மணிக்கு விழிப்பு வந்து
கோட்டும் மீட்டருமாக வெளியே போனேன்.
டிராக்டரைத் தாண்டி விறகுக் கொட்டகைக்கு.
சாக்கை விலக்கி ஊசியை வைத்தேன்.
ஆறு புள்ளி ஒன்று.
இன்னும் ஆறவில்லை.
சாக்கைப் போர்த்திவிட்டு வந்தேன்.
டிராக்டரைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.